பேரரசின் வீழ்ச்சியும் என் ஆயாவும்

ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ (1951) வீழும் விண்மீன் பேரரசின் கதை. ஒரு மூலக்கூறு போகும் வழியைச் சொல்ல இயலாது. வாயுவின் அழுத்தத்தைக் கணக்கிடலாம் அல்லவா? அவ்வாறே மக்கள் திரளின் வருங்காலத்தையும் கணிக்கலாம் என்கிறார் அதில் வரும் கணித அறிஞர் செல்டன். இந்நூலால் ஈர்க்கப்பட்டே பொருளாதாரம் பயின்றதாகக் கூறுபவர் நோபல் பரிசு பெற்ற பால் க்ருக்மன். என் தோழனோ, “வெறும் பேச்சுதான்” என்று திருப்பித் தந்தான். ஓரளவு உண்மையே.

முத்தியால்பேட்டை வீட்டில் ஆயாவிடம் கதையைச் சொன்னேன். 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றபோது அவர் சிறுமி.

“கொடி மாறிச்சு, வீட்டுத் தறி மாறல. அந்தக் கணக்குல நான் எங்கடா வர்றேன்?”

வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் நானும் அதில் இல்லை. அடுத்த நூலில் மியூல் என்னும் தனியொருவன் கணக்கையே குலைப்பதை மறுநாள் சொன்னேன்.

“அப்படிச் சொல்லு!” என்றார் ஆயா.