முகச்சுருக்கமா? முதலில் சன்ஸ்கிரீன், பிறகு ரெட்டினால்

தோலை முதுமையாக்குவதில் வெயிலுக்கே பெரும்பங்கு. ஆகவே எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் காலையில் தடவுங்கள். மாநிறத்துக்கு எதற்கு என்பார்கள். மெலனின் ஓரளவே காக்கும், மங்கு எளிதில் படிவதும் இந்தத் தோலில்தான். சன்ஸ்கிரீன் பழகியபின் ரெட்டினாலை முன்கையில் சில நாள் தடவிப் பாருங்கள். ஒவ்வாமை இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு இரவில், உலர்ந்த முகத்தில், பட்டாணி அளவு, வாரம் இருமுறை. கூடுதலாகப் பூசினால் எரிச்சல்தான் கூடும். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். ரெட்டினால் வைட்டமின் ஏ வகை, கருவைப் பாதிக்கக்கூடும்.

ரெட்டினாலுக்குப் பதில் எலுமிச்சைச் சாறு பூசலாமே, இயற்கையானதுதானே என்று கேட்கலாம். இயற்கையானதுதான், அமிலமும்தான். பூசியபடி வெயிலில் போனால் கொப்புளமே வரலாம். ரெட்டினாலுக்கு மூன்று மாதமாவது கொடுங்கள். கொலாஜன் மெதுவாகத்தான் கூடும்.