பழைய கணினியின் வன்தட்டையும் இயங்குதளத்தையும் புதிய கணினிக்கு மாற்றும் முறை

நிலச்சுவான்தார்களிற் பலரும், கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளும், சாகுபடிச் செலவு, ஆள் கூலி, நெல் விற்ற வரவு, உரக்கடைப் பாக்கி முதலிய விவரங்களைக் கணினியில் எழுதி வைக்கத் தொடங்கிப் பல வருஷங்கள் ஆகின்றன. அக்காலத்தில் வாங்கிய யந்திரங்கள் இப்பொழுது தளர்ந்துவிட்டன. அன்றியும், விண்டோஸ் 7 என்னும் இயங்குதளத்திற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அளிப்பது 2020-ஆம் வருஷம் ஜனவரி 14-ந் தேதியோடும், விண்டோஸ் 10-க்குப் பொதுவாக அளிப்பது 2025-ஆம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியோடும் முடிவுற்றமையால், புதிய யந்திரம் வாங்க வேண்டிய அவசியம் அநேகருக்கு நேர்ந்திருக்கின்றது. அவ்வாறு வாங்குவோர் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே. பழைய யந்திரத்திலுள்ள வன்தட்டைக் கழற்றிப் புதியதில் பொருத்திவிட்டால் யாவும் முன்போலவே நடைபெறுமா என்பதே அது.

சில யந்திரங்களில் நடைபெறும், பலவற்றில் நடைபெறாது. இதன் காரணத்தை அறிந்துகொண்டாலன்றி, எதை முதலிற் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பது விளங்காது.

வன்தட்டில் இருப்பவை இருவகைப்படும். நாம் எழுதிய கணக்கு, கடிதம், எடுத்த படங்கள் ஆகிய கோப்புகள் ஒரு வகை. யந்திரத்தையே இயக்குகின்ற இயங்குதளமும் அதனோடு பிணைந்த மென்பொருள்களும் மற்றொரு வகை. முன்னவை குதிரிலுள்ள நெல்லைப் போன்றவை. எக்குதிருக்கு மாற்றினாலும் நெல் நெல்லாகவே இருக்கும். பின்னது வேரோடிய மரத்தை ஒத்தது. பழைய யந்திரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஏற்ற இயக்கு நிரல்களைக் கொண்டு அது அங்கே ஊன்றி நிற்கின்றது. ஆகையால் முதலில் நெல்லை அப்புறப்படுத்துக. மரத்தைப் பெயர்க்கும் யோசனை அதன் பின்னரே வரட்டும்.

இதனை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றின் நகல்களும், வில்லங்கச் சான்றும் தமிழ்நாட்டில் இணைய வழியே மறுபடியும் பெறக்கூடியவை. ஆனால் எந்த வயலில் எத்தேதியில் நாற்று நட்டோம், கோடையில் கிணற்றில் எத்தனை அடி நீர் நின்றது, குத்தகைதாரர் எந்த வருஷம் எவ்வளவு அளந்தார், பங்காளிக்கு எழுதிய கடிதத்தின் வாசகம் என்ன என்பன போன்ற குறிப்புகள் அந்த ஒரு தட்டிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. அவை போய்விட்டால் எந்த அலுவலகத்தில் மனுச் செய்தும் பயனில்லை.

கோப்புகளை நகல் எடுத்தல்

பழைய யந்திரம் ஓடும் நிலையில் இருக்கும்பொழுதே, வெளியிலிருந்து இணைக்கும் ஒரு வன்தட்டை வாங்கி அதில் நகல் எடுத்துக்கொள்வது சிலாக்கியம். யந்திரம் ஓடாவிடின், தட்டை மட்டும் கழற்றி, யூ.எஸ்.பி. வழியாகப் புதிய கணினியோடு இணைக்கும் மாற்றி ஒன்றைக் கொண்டு படிக்கலாம். மடிக்கணினியின் 2.5 அங்குலத் தட்டுக்கு அந்த இணைப்பிலிருந்தே மின்சாரம் போதும். மேசைக் கணினியின் 3.5 அங்குலத் தட்டுக்குத் தனி மின்சாரம் வேண்டும்; அதற்கான மாற்றியையே கேட்டு வாங்குதல் வேண்டும். அகன்ற நாடா போன்ற 40 முனைக் கம்பியுடைய மிகப் பழைய தட்டுகளுக்கு வேறு வகை மாற்றி தேவை.

இவ்வாறு இணைத்தவுடன், தட்டை உபயோகிக்கு முன் ‘ஃபார்மேட்’ செய்ய வேண்டும் என்று புதிய கணினி சில சமயங்களிற் கேட்கும். அதற்கு ஒருபோதும் சம்மதிக்கலாகாது. தட்டின் அமைப்பைத் தன்னால் படிக்க இயலவில்லை என்பதே அச்செய்தியின் பொருள். தட்டு வெறுமையாக இருக்கிறது என்பதன்று. கோப்புறையைத் திறக்க அனுமதி இல்லை என்ற செய்தி வருவது வேறு விஷயம். பழைய யந்திரத்தின் பயனர் பெயருக்கு உரிய பூட்டு அது. நிர்வாகி உரிமையுடன் அதனை நீக்கிக்கொள்ளலாம்.

தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்ற ஓசை எழுந்தாலும், ஒரு சிறு கோப்பைத் திறக்கவும் நெடுநேரம் பிடித்தாலும், அது நிமிஷத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் யந்திரம் என்பதை நினைவிற்கொண்டு, அதனைப் பழுது பார்க்கும் சோதனைகளில் இறங்காமல், மிக முக்கியமான கோப்புகளை முதலில் எடுத்துக்கொண்டு நிறுத்திவிட வேண்டும். சோதனை செய்யச் செய்யத் தேய்மானமே அதிகமாகும்.

பலரும் ‘டெஸ்க்டாப்’, ‘டாக்குமென்ட்ஸ்’ என்னும் இரு கோப்புறைகளை மாத்திரம் எடுத்துக்கொண்டு திருப்தியடைந்து விடுகின்றனர். டாலி போன்ற கணக்கு மென்பொருள்களின் ஏடுகள் பெரும்பாலும் இவற்றுக்கு வெளியே, வேறு கோப்புறையில் இருக்கும். மென்பொருளைத் திறந்து, ஏடுகள் எவ்விடத்தில் உள்ளன என்று அதிலேயே பார்த்து எழுதிக்கொள்க. டாலியின் உரிமத்தைப் பழைய யந்திரத்தில் ஒப்படைத்துவிட்டுப் புதியதில் பெறுவதே நேரான வழியாதலால், பழைய யந்திரத்தைக் கலைப்பதற்கு முன்னரே அதனைச் செய்துகொள்ள வேண்டும்.

தமிழில் எழுதிய பழைய கோப்புகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கின்றது. யூனிகோடு முறை பரவுவதற்கு முன் வானவில், பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை அநேகம். இவற்றில் தட்டின்மேற் பதிந்திருப்பவை தமிழெழுத்துக்கள் அல்ல. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளே பதிவாகும். அவற்றைத் தமிழ் வடிவில் காட்டுவது எழுத்துரு ஒன்றுதான். அந்த எழுத்துரு இல்லாத புதிய யந்திரத்தில், பாகப்பிரிவினைக் கடிதமும் பத்து வருஷச் சங்கத் தீர்மானங்களும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அதை அழித்துவிடுவோரும் உண்டு. ஆகவே விண்டோஸ் கோப்புறையினுள் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ என்னும் கோப்புறையிலிருந்து தமிழ் எழுத்துருக்கள் யாவற்றையும் நகல் எடுத்துச் செல்லல் இன்றியமையாதது. தமிழ்நாடு அரசாங்கத்தார் 2010-ஆம் வருஷத்தில் யூனிகோடு முறையை அங்கீகரித்து ஆணை பிறப்பித்தனர். மாற்றம் நடக்கும் இச்சமயத்திலேயே முக்கியமான கோப்புகளை எழுத்துரு மாற்றி மென்பொருள் கொண்டு யூனிகோடாக்கி வைத்துக்கொண்டால், அடுத்த முறை இத்தொல்லை இராது.

நகல் முடிந்தபின், இரண்டு இடத்திலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதோடு, பழையவற்றிற் சிலவற்றையும் புதியவற்றிற் சிலவற்றையும் திறந்து படித்துப் பார்க்கவும்.

இயங்குதளத்தை மாற்றுதல்

கோப்புகள் பத்திரமான பிறகு, விரும்புவோர் பழைய தட்டையே புதிய யந்திரத்தில் வைத்துச் சோதிக்கலாம். லினக்ஸ் இயங்குதளமாயின் பெரும்பாலும் சிரமமின்றி எழும்பும். பலவகை உறுப்புகளுக்கான நிரல்களை அது தன்னுள்ளேயே சுமந்து செல்வது வழக்கம். விண்டோஸ் 10 புதிய உறுப்புகளைத் தானே கண்டறிந்து பொருத்திக்கொள்ளும் திறமையுடையது. எனினும் மூன்று இடங்களில் இடறுகின்றது.

தட்டோடு யந்திரம் பேசும் முறை முதலாவது. பழையதில் ஏ.எச்.சி.ஐ. என்ற முறையும் புதியதில் ரெய்டு என்ற முறையும் அமைந்திருந்தால், இயங்குதளம் தன் தட்டையே காணாமல் நீலத்திரையில் நின்றுவிடும். யந்திரத்தின் தொடக்க அமைப்பில் இதை ஒத்ததாக்கினால் பல சமயங்களிற் சரியாகும். இரண்டாவது, எழும்பும் முறை. பழைய யந்திரங்கள் பயாஸ் என்ற முறையில், எம்.பி.ஆர். என்னும் அமைப்புடைய தட்டிலிருந்து எழும்பின. புதியவை யூ.ஈ.எஃப்.ஐ. என்ற முறையில் ஜி.பி.டி. அமைப்பை எதிர்பார்க்கின்றன; அவற்றிற் பல பழைய முறையை அடியோடு கைவிட்டுவிட்டன. விண்டோஸ் 10-இன் 2017-ஆம் வருஷத்துப் பதிப்பு முதல், கோப்புகளை அழியாமல் இவ்வமைப்பை மாற்றும் கருவி அதனுடனேயே வருகின்றது. ஆனால் 32 பிட் விண்டோஸ் வைத்திருப்போருக்கு அதனாற் பயனில்லை. மூன்றாவது, உரிமம். யந்திரத்தோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் அந்த யந்திரத்திற்கே உரியது. தனியே கிரயம் கொடுத்து வாங்கிய சில்லறை உரிமத்தை மாத்திரமே வேறு யந்திரத்திற்கு, அதுவும் ஒரு சமயத்தில் ஒன்றுக்கே, மாற்றலாம்.

பிட்லாக்கர் என்னும் மறைப்பூட்டு இடப்பட்ட தட்டாயின், புதிய யந்திரத்தில் வைத்தவுடன் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பெண்ணைக் கேட்கும். இப்பூட்டு சில மடிக்கணினிகளில் உரிமையாளர் அறியாமலேயே போடப்பட்டிருக்கும். பழைய யந்திரம் ஓடும்பொழுதே பார்த்து, அவ்வெண்ணைக் காகிதத்தில் எழுதிப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளாதவர், தட்டைக் கழற்றவே கூடாது.

விண்டோஸ் 7-ஐப் புதிய யந்திரத்திற்குக் கொண்டுபோகும் முயற்சியை விட்டுவிடுவதே நலம். யூ.எஸ்.பி. 3-க்கும் என்.வி.எம்.இ. தட்டுகளுக்கும் உரிய நிரல்கள் அதனுள் இயல்பாக இல்லை. அது எப்படியோ எழும்பினாலும், விசைப்பலகையும் சுட்டியும் வேலை செய்யாமல் உரிமையாளர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க நேரும்.

எமது கருத்தில், புதிய யந்திரத்தோடு வரும் இயங்குதளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மென்பொருள்களைப் புதிதாக நிறுவி, கோப்புகளை மாத்திரம் இடம் மாற்றுவதே பெரும்பாலோர்க்கு ஏற்றது. விலக்கு உண்டு. அரிசி ஆலையின் எடைமேடையோடு இணைந்த பழைய மென்பொருள் போல, நிறுவும் குறுந்தகடு தொலைந்து, செய்து கொடுத்தவரும் இல்லாத மென்பொருளை நம்பித் தொழில் நடத்துவோர் என் செய்வது? அவர்கள் பழைய யந்திரத்தை இணையத்தோடு சேர்க்காமல் அவ்வேலைக்கு மாத்திரம் வைத்திருக்கலாம். அல்லது மைக்ரோசாஃப்டின் டிஸ்க்2விஎச்டி என்ற இலவசக் கருவியால் பழைய தட்டு முழுவதையும் ஒரே கோப்பாக்கி, புதிய கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியாக ஓட்டிப் பார்க்கலாம்.

தட்டு முழுவதையும் மற்றொரு தட்டில் அச்சொத்த பிரதியாக எடுக்க, தைவானில் உருவான குளோன்சில்லா என்னும் இலவச மென்பொருள் உதவும். பிரதி பெறும் தட்டு மூலத்தட்டின் அளவோ அதற்கு மேலோ இருத்தல் வேண்டும். எது மூலம், எது பிரதி என்று அது கேட்குமிடத்தில் மாற்றிச் சொல்லிவிட்டால், வெறுந்தட்டு மூலத்தின்மேல் எழுதப்பட்டு யாவும் அழியும். இரண்டு தட்டும் ஒரே அளவாயிருந்தால் இத்தவறு எளிதில் நேரும். ஆகையால் தயாரித்த கம்பெனியின் பெயரையும் வரிசை எண்ணையும் முன்னதாகவே குறித்துக்கொள்க. 500 ஜிகாபைட் தட்டு, வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் சுமார் ஒன்றரை மணி நேரமும், பழைய யூ.எஸ்.பி. 2 இணைப்பில் நான்கு மணி நேரத்திற்கு மேலும் பிடிக்கும். மின்சாரம் இடையில் நில்லாத வேளை பார்த்து, யு.பி.எஸ். துணையோடு தொடங்குவது உசிதம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் அலுவலகக் கணினியில் இவற்றை மேலதிகாரியின் உத்தரவின்றிச் செய்யலாகாது. கையொப்ப டோக்கன் வைத்திருப்போர்க்குச் சான்று அந்த டோக்கனிலேயே இருப்பதால், அதற்குரிய நிரலைப் புதிய யந்திரத்தில் நிறுவினாற் போதும்.

மாற்றம் முடிந்ததும் பழைய தட்டை அழித்து வேறு உபயோகத்திற்குக் கொள்ளும் ஆசை எழும். ஒரு சாகுபடி வருஷம் முழுதும் கழியும் வரை அதில் எதையும் எழுதாதிருக்க வேண்டும். விட்டுப்போனது இன்னதென்று வரி செலுத்தும் காலத்திலோ, கடன் புதுப்பிக்கும் காலத்திலோதான் தெரிய வரும். நிலைமின் தடுக்கும் உறையிலிட்டு, தேதி எழுதி, ஈரமும் எலியும் அணுகாத பீரோவில் வைக்கவும். பின்னர்க் கழிப்பதானால், கோப்புகளை அழித்தது மாத்திரம் போதாது, அவற்றை மீண்டும் எடுத்துவிடக் கூடும் ஆதலின், தட்டு முழுவதையும் மேலெழுதி அழித்தோ, உடைத்தோ, 2023-ஆம் வருஷம் ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கவும்.