வலி மாத்திரையைக் குறைப்பது எப்படி?

பெங்களூரில் நான் மருத்துவம் பார்க்கும் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வருபவர்கள் கூடவே ஒரு பழைய மருந்துச் சீட்டையும் கொண்டு வருவார்கள். முதுகுவலிக்கென்று எப்போதோ எழுதித் தந்த டிரமடால் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்திருக்கும். 2018-இல் இம்மருந்து போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. கடைக்காரர் புதிய சீட்டு கேட்கிறார்; மாத்திரை திடீரென நின்று போகிறது. ஓரிரு நாளில் வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு, தூக்கமின்மை. வலியும் ஏறுகிறது. "பாத்தியாப்பா, மாத்திரை இல்லாம என்னால முடியாது" என்கிறார் பெரியவர். அவர் படும் பாட்டில் பெரும்பகுதி, மருந்தைச் சட்டென்று நிறுத்தியதால் வந்தது.

இதற்காக அவரைப் 'போதைக்காரர்' என்று பிள்ளைகள் ஏசுவதும், மாத்திரையை ஒளித்து வைப்பதும் தவறு. மார்ஃபின், டிரமடால், டேபென்டடால் போன்றவற்றைத் தினமும் உட்கொண்டால் யார் உடலும் பழகிவிடும். பழகியபின் அதே அளவில் வலி முன்போல் தணியாது. சிலருக்கு அம்மருந்தே வலியுணர்வைக் கூட்டுவதும் உண்டு.

குறைக்கும் முறையை மருத்துவரே வகுக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் உட்கொண்டவருக்கு மாதம் பத்து சதவீதம் அளவில் குறைப்பது உடல் தாங்கும் வேகம். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் மாத்திரை நான்கு என்றால், முதற்படி அரை மாத்திரை குறைவு. 200 என்பது 175 ஆகும். (நீண்டநேரம் வேலை செய்யும் வகை மாத்திரையை உடைக்கவே கூடாது.) வலி கிளம்பினால் அதே படியில் சில வாரம் நிற்கலாம்; அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் வெகுவாகக் குறைத்தபின் பழைய அளவை ஒரேயடியாக எடுப்பது மூச்சையே நிறுத்திவிடக்கூடும். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

வீட்டார் செய்யக்கூடியது நிறைய. "வலி எப்படி இருக்கிறது?" என்று மணிக்கொரு தரம் கேட்பதை விடுங்கள். அல்சூர் ஏரிக்கரையில் எத்தனை நிமிடம் நடந்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மருத்துவருக்கு அந்த நோட்டுதான் பயன்படும். நடை, உடற்பயிற்சி மருத்துவம், ஒத்தடம் ஆகியவற்றை மாத்திரை குறையும் முன்பே தொடங்குங்கள். குறைத்தபின் பலருக்கு மந்தம் தெளிந்து மலச்சிக்கல் விலகுவதைக் கண்டிருக்கிறேன். வலியும் எல்லோருக்கும் கூடிவிடுவதில்லை.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் பெறுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாகக் குறைக்க வேண்டாம். அவர்கள் கணக்கு வேறு. எவ்வளவு முயன்றும் குறைக்க முடியாதவர்களுக்கு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்தப் பழைய சீட்டையும் மீதமுள்ள அட்டைகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.