ரூம் எடுத்துச் சமைக்கப் போகிறவர்களுக்கு

ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளா, ஐப்பசி மழையில் தொடங்கித் தைப் பனி வரைக்கும் வயிறு சூடாக இருக்கவேண்டும். விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய்ப் பெண் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்ததும், கூட வேலை செய்தவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் 2021 டிசம்பரில்தான். சமைக்கச் சோம்பல் வந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1. 5 கிலோ சிலிண்டருக்கு முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். இரும்புச் சட்டியும் இடிகல்லும் வேண்டுமென்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடுங்கள். பழகின சட்டியாகப் பாருங்கள், ஒட்டாது.

2. ரூமில் ஃப்ரிட்ஜ் கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு கிலோவுக்குத் தள்ளுபடி என்று போட்டிருந்தால் அது உங்களுக்கு இல்லை.

3. நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கம்பெனி பஸ் இறக்கிவிடுகிற நேரமும் கீரைக்கார அம்மா கூடையை இறக்குகிற நேரமும் ஒன்று. மழை நாளில் கட்டின் வெளிப்பக்கம் பச்சையாகத்தான் இருக்கும். நாரை நெகிழ்த்தி நடுத்தண்டைத் தொட்டுப் பாருங்கள், வழவழத்தால் வைத்துவிடுங்கள். வீக் ஆஃப் அன்று காஞ்சிபுரம் உழவர் சந்தைக்குப் போனால் விலைப் பலகையைப் பார்த்து வாங்கலாம். அங்கே பேரம் பேசாதீர்கள், விளைவித்தவரே உட்கார்ந்திருக்கிறார்.

4. இந்த மாதங்களில் தக்காளி, முருங்கைக்காய் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். இரண்டும் இல்லாமலே மிளகுக் குழம்பு வைக்கலாம். ஒரு ஸ்பூன் மிளகு, இரண்டு ஸ்பூன் தனியா, கொஞ்சம் துவரம் பருப்பு, இரண்டு மிளகாய், ஒரு பிடி கறிவேப்பிலை. வாசனை வர வறுத்து இடியுங்கள். நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, பூண்டை முழுசாகப் போட்டுச் சிவக்க வதக்கி, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். பச்சை வாசனை போனதும் பொடி, உப்பு. எண்ணெய் மேலே பிரிகிறவரை அடுப்பை விட்டு நகராதீர்கள்; அதுதான் குழம்பைக் கெடாமல் காப்பது. தினம் ஒருமுறை கொதிக்கவிட்டு, ஈரக் கரண்டி போடாமல் இருந்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பிடிகருணை போடுவதானால் தோண்டி நாளான கிழங்காகக் கேளுங்கள், புதுசு நாக்கை அரிக்கும். மார்கழியில் பச்சை மொச்சை வந்துவிட்டால் கருணையை மறந்துவிடலாம்.

5. பருப்பு ரேஷனில் கிலோ 30 ரூபாய், பாமாயில் 25. குடும்ப அட்டை வந்தவாசியில் இருந்தாலும் இங்குள்ள கடையில் ரேகை வைத்து வாங்கலாம். ஊரில் அம்மா வாங்கிவிட்டாரா என்று மட்டும் முதலில் போன் பண்ணுங்கள்.

6. செம்பரம்பாக்கம், பிள்ளைப்பாக்கம் ஏரிப் பக்கம் கெண்டை, ஜிலேபி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால் கிடைக்கும். செவுள் சிவப்பாக இருக்கிறதா பாருங்கள். ஆலைக் கழிவு கலக்கும் கால்வாயில் பிடித்தது என்று தெரிந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வயல் நண்டு விற்றால் விடாதீர்கள். ஓட்டோடு இடித்து, வடிகட்டி, மிளகு சீரகம் தட்டிப்போட்டு ரசம் வைத்தால் சளிக்கு இதமாக இருக்கும். மீனை மட்டும் விற்கிற இடத்திலேயே ஆய்ந்து தரச் சொல்லுங்கள். ரூம் குழாயடியில் செதில் கிடந்தால் வீட்டுக்கார அம்மா அடுத்த மாத வாடகையில் பேசுவார்.