அழுத்தம் மட்டும் போதுமா?

கேள்வி: வயலினில் நாதம் கனமாக வரவேண்டும் என்று வில்லை அழுத்தினால் கரகரக்கிறது. எவ்வளவு அழுத்துவது சரி?

பதில்: வில் தந்தியைத் தொடும் இடத்தையும் அதன் வேகத்தையும் சேர்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. ரோசின் தடவிய வில்முடி தந்தியைப் பற்றி இழுக்கிறது; ஓர் அதிர்வுக்கு ஒருமுறை தந்தி வழுக்கித் திரும்புகிறது. 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் இது நொடிக்கு 440 முறை நடக்கிறது. அழுத்தம் மிஞ்சினால், வழுக்க வேண்டிய கணத்தில் தந்தி விடுபடுவதில்லை. உங்கள் கரகரப்பு அதுதான். குறைந்தால் முன்கூட்டியே நழுவி, ஓசை சோகையாகிவிடும். சி.வி. ராமன் கல்கத்தாவில் இயந்திரத்தால் வயலினை இசைத்து 1920இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்ஜை நெருங்க நெருங்கத் தேவைப்படும் குறைந்தபட்ச அழுத்தம் கூடுவதைக் காட்டியது. தாங்கக்கூடிய உச்ச அழுத்தமும் அங்கே கூடுகிறது. ஆகவே விரல்பலகையருகே கரகரக்கும் அதே அழுத்தம், பிரிட்ஜ் பக்கம் நிறைவான நாதத்தைத் தரலாம்.

“வித்வான்கள் அழுத்தித்தானே வாசிக்கிறார்கள்?” என்பீர்கள். அழுத்துகிறார்கள்தான், அதற்கேற்ற இடத்தில் அழுத்துகிறார்கள். ஒலியின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வில்லின் வேகமும் பிரிட்ஜிலிருந்து உள்ள தூரமும்தான். அழுத்தம் கூட்டுவது முக்கியமாகக் கூர்மையை. நீண்ட ஒற்றை சுரத்தில் அழுத்தத்தை மாற்றாமல், வில்லைச் சிறிது சிறிதாகப் பிரிட்ஜ் பக்கம் நகர்த்திப் பாருங்கள்.