குடிநோய்க்கு வைத்தியம் உண்டு: எங்கே போவது, எப்படிப் போவது?



காய்ச்சல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். பிரசவத்துக்குப் போகிறோம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகிறோம். ஆனால் வீட்டில் ஒருவர் குடிக்கு அடிமையாகிவிட்டால் எங்கே போவது என்று பலருக்குத் தெரிவதில்லை. கோயிலில் கயிறு கட்டுகிறோம். பிள்ளை தலைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்குகிறோம். மாமனார், மச்சான் எல்லோரையும் கூட்டிப் பஞ்சாயத்துப் பேசுகிறோம். "இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்று கேட்பவர்களும் உண்டு.

ஆம், இதற்கும் ஆஸ்பத்திரிதான். குடிப்பழக்கம் முற்றினால் அது ஒரு நோய். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு போல இதற்கும் மருந்து உண்டு, மருத்துவர் உண்டு. உங்கள் மாவட்டத்திலேயே, அரசு மருத்துவமனையில், கட்டணம் இல்லாமல் கிடைக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் வாசித்துக் காட்டுங்கள்.

பழக்கமா, நோயா?

குடிப்பவர் தன்னைத்தானே நான்கு கேள்விகள் கேட்டுக் கொள்ளலாம். அமெரிக்க மருத்துவர் ஜான் யூவிங் 1984-ல் வெளியிட்ட கேள்விகள் இவை. பல நாடுகளில் மருத்துவர்கள் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

1. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதுண்டா?

2. குடிப்பதைப் பற்றி மற்றவர்கள் குறை சொன்னால் எரிச்சல் வந்ததுண்டா?

3. குடித்ததை நினைத்து மனம் குறுகுறுத்ததுண்டா?

4. காலையில் எழுந்ததும் கை நடுக்கம் அடங்கவோ, நேற்றைய மப்பு தெளியவோ, முதல் வேலையாகக் குடித்ததுண்டா?

இரண்டுக்கோ அதற்கு மேலோ 'ஆமாம்' என்று பதில் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான்காவது கேள்விக்கு மட்டும் 'ஆமாம்' என்றாலும் போய்ப் பாருங்கள். காலையில் குடித்தால்தான் கை நிற்கிறது என்றால் உடம்பு சாராயத்துக்கு அடிமையாகிவிட்டது என்று அர்த்தம்.

"நான் ஒரு குவார்ட்டர்தான் போடறேன், அதுல என்ன?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கியில் அந்த அளவுக்குள் சுமார் 60 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. தினம் இவ்வளவு உள்ளே போனால் ஈரலும் நரம்பும் தாங்காது. பணக் கணக்கையும் பாருங்கள். நாளுக்கு 150 ரூபாய் என்று வைத்துக் கொண்டாலும் வருஷத்துக்கு 54,750 ரூபாய் ஆகிறது. ஒரு கறவை மாடு வாங்கும் பணம் அது.

திடீரென்று வீட்டிலேயே நிறுத்தலாமா?

இந்தத் துண்டுப் பிரசுரத்தில் மிக முக்கியமான விஷயம் இதுதான். கவனமாகப் படியுங்கள்.

எப்போதாவது குடிப்பவர் தாமாக நிறுத்திக் கொள்ளலாம், ஆபத்தில்லை. ஆனால் பல வருஷமாகத் தினமும் நிறையக் குடிப்பவர், மருத்துவர் துணையில்லாமல் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

காரணம் என்ன? சாராயம் மூளையை மந்தப்படுத்துகிறது. மந்தத்தைச் சமாளிக்க மூளை கூடுதல் வேகமாக வேலை செய்யப் பழகிக் கொள்கிறது. பாரவண்டியை முக்கி இழுக்கும் மாடுகளின் பின்னால் இருந்து வண்டி திடீரென்று கழன்று கொண்டால் மாடுகள் முன்னால் பாய்ந்து விழும் அல்லவா? அதுபோலச் சாராயம் திடீரென்று நின்றதும் மூளை தறிகெட்டு ஓடுகிறது.

கடைசியாகக் குடித்த 6 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். இரண்டு நாளைக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு ஜன்னி கண்டது போல் ஆகிவிடும். "உடம்பெல்லாம் பூச்சி ஊருது" என்பார். சுவரில் ஆள் நிற்பதாகச் சொல்வார். பெற்ற பிள்ளையை யாரென்று கேட்பார். இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரவாதியிடம் அழைத்துப் போகும் வீடுகள் உண்டு. போகிற வழியிலேயே உயிர் போய்விடலாம். இது பேயல்ல, வைத்தியத்துக்கு அடங்கும் நோய். வலிப்போ குழப்பமோ கண்டால் அந்த நிமிஷமே 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டியில் வருபவர்களிடம் "தினம் குடிப்பவர், இத்தனை நாளாகக் குடிக்கவில்லை" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

கார்த்திகையில் மாலை போட்டு விரதம் இருக்கும் கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. விரதத்தில் குடியை விடுவது நல்ல சங்கல்பம். ஆனால் தினம் குடிப்பவராக இருந்தால் மாலை போடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை தருவார், வைட்டமின் பி-1 ஊசியும் போடுவார். விரதமும் நிலைக்கும், உடம்பும் தப்பிக்கும்.

தெரியாமல் மருந்து கலந்து கொடுக்கலாமா?

கூடவே கூடாது. "கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்" என்ற விளம்பரங்களைப் பஸ்ஸிலும் சுவரிலும் பார்த்திருப்பீர்கள். படும் கஷ்டத்தில் தாய்மார்கள் அதையும் வாங்கிப் பார்க்கிறார்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

டைசல்பிராம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். இதய நோயோ ஈரல் நோயோ உள்ளவருக்கு உயிரே போகலாம். இருந்தாலும் அது நல்ல மருந்துதான். மருத்துவர் பரிசோதித்து, சாப்பிடுபவர் சம்மதித்து, "இதைப் போட்டுக்கிட்டா குடிக்கக் கூடாது" என்று தெரிந்து சாப்பிட்டால் உதவும். தெரியாமல் கொடுத்தால் விஷம் போல் ஆகிவிடும். உண்மை தெரிந்த பிறகு மனைவி கையால் சோறு வாங்கிச் சாப்பிடவே கணவர் பயப்படுவார்.

எங்கே போவது?

முதலில் கேட்க வேண்டியவர்: உங்கள் கிராம சுகாதார செவிலியர், அல்லது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் ஊழியர். எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கிழமை மனநல மருத்துவர் வருகிறார் என்று இவர்கள் விசாரித்துச் சொல்வார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையம்: இங்குள்ள மருத்துவர் உடம்பைப் பரிசோதித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வந்து பார்க்கிறார்.

மாவட்டத் தலைமை மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று கேளுங்கள். தங்கி வைத்தியம் பார்க்க வேண்டியவர்களுக்கு இங்கே படுக்கை உண்டு. தமிழ்நாடு அரசு 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மறுவாழ்வு மையங்களைத் திறந்திருக்கிறது. உங்களுக்கு அருகில் உள்ளது எது என்று விசாரியுங்கள்.

போனில் கேட்க: தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104. மனநல ஆலோசனைக்கு 14416. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. தமிழில் பேசலாம். மனைவி மட்டும் தனியாகப் பேசினாலும் ஆலோசனை சொல்வார்கள்.

மனநலப் பிரிவு என்றதும் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கணவர் கோபப்படக் கூடும். நடுக்கம், தூக்கம், சாராய ஆசை எல்லாமே மூளை சம்பந்தப்பட்டவை, அதனால்தான் அந்த மருத்துவர் பார்க்கிறார் என்று எடுத்துச் சொல்லுங்கள். நோயாளியைப் பற்றிய விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம்.

எப்படிப் பேசி அழைத்துப் போவது?

குடித்துவிட்டு வந்த ராத்திரியில் பேசாதீர்கள். விடிந்து, தெளிவாக இருக்கும் நேரம் பாருங்கள். பிள்ளைகள் எதிரிலும் பேச வேண்டாம். குற்றப் பட்டியல் வாசிக்காமல் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். "என்னங்க, உங்க கை நடுங்குறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. வர்ற திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாம். நானும் கூட வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை மறுத்தால் பத்து நாள் கழித்து மறுபடி சொல்லுங்கள். வயிற்று வலி, வாந்தி என்று அவராகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாள் நல்ல சந்தர்ப்பம்.

போகும்போது ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள் கொண்டு போங்கள். எத்தனை வருஷமாக, தினம் எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்று ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். கூச்சப்பட்டு அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் தப்பிப் போகும்.

அடி உதை இருக்கும் வீடானால் முதலில் உங்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றிக் கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. நோய் என்பதால் அடியைப் பொறுத்துக் கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

தனியார் மையத்துக்குப் போவதானால்

நல்ல மையங்கள் இருக்கின்றன. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் நிறுவனத்தின் மருத்துவமனை இதில் முன்னோடி. இந்த நிறுவனம் 1989-ல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் நடத்தியது. கிராமத்து மக்களுக்கும் இந்த வைத்தியம் பலிக்கும் என்று அது காட்டிற்று.

ஆனால் எல்லா மையமும் அப்படி இல்லை. பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்று இருக்கிறதா? மருத்துவர் எந்த நேரம் வருகிறார்? குடும்பத்தார் வந்து பார்க்கலாமா? கட்டணத்துக்கு ரசீது உண்டா? அடைத்து வைப்பது, அடிப்பது, சங்கிலி போடுவது இருந்தால் உடனே திரும்பி வாருங்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் மாண்டார்கள். எந்த நோயாளியையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்பது இன்று சட்டம்.

வைத்தியம் எத்தனை நாள்?

முதல் கட்டம், உடம்பிலிருந்து சாராயத்தை இறக்குவது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். பலர் இதோடு நோய் தீர்ந்தது என்று வீட்டுக்கு வந்து, மறுபடி விழுந்துவிடுகிறார்கள். அடுத்த கட்டம்தான் நீண்டது. ஆசையைக் குறைக்கும் மாத்திரை, மருத்துவர் சொல்லும் மாதங்கள் வரை. கணவன் மனைவி இருவருக்கும் ஆலோசனை. குறித்த தேதியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது. குடியை விட்டவர்களே கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் பல ஊர்களில் நடக்கின்றன. இது 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது. கட்டணம் கிடையாது.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. பசியோடு இருக்கவிடாமல் வேளைக்குச் சோறு போடுங்கள். கூலி வாங்கும் நாளில் கடை இருக்கும் தெருவைத் தவிர்க்கட்டும். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்றால் சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்புங்கள். ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று கை விடாதீர்கள். சர்க்கரை நோயாளி ஒருநாள் இனிப்பைத் தின்றுவிட்டால் வைத்தியத்தையே நிறுத்திவிடுகிறோமா? மறுநாளே மருத்துவரிடம் போங்கள்.

நினைவில் வையுங்கள்

குடிநோய்க்கு வைத்தியம் உண்டு, உங்கள் மாவட்டத்திலேயே உண்டு.

தினம் நிறையக் குடிப்பவர் வீட்டில் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவரைப் பார்த்து நிறுத்த வேண்டும்.

தெரியாமல் மருந்து கலக்கக் கூடாது.

வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் 108. வழி கேட்க 104, 14416, 14446.

குடிப்பவர் பெண்ணாக இருந்தாலும் இதே வைத்தியம்தான். கர்ப்பிணிகள் ஒரு சொட்டும் தொடக் கூடாது.

படித்து முடித்ததும் இந்தத் தாளைக் கிழித்துப் போடாமல், இதே கவலை உள்ள பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.