வெளிநாட்டு உதவியும் உள்ளூர் மன்றமும்: கணக்கு கேட்பவர் யார்?



சென்ற மாத வாசிப்பு வகுப்பில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் என்னிடம் கேட்டார்: "மாமா, இராக்கையும் ஆப்கானிஸ்தானையும் மறுபடி கட்டி எழுப்புகிறோம் என்று அமெரிக்கா அவ்வளவு பணம் செலவழித்ததே, அது எங்கே போனது?" பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "திருடித் தின்றுவிட்டார்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

திருட்டு நடந்தது உண்மைதான். அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த போர்க்கால ஒப்பந்த ஆணையம் 2011 ஆகஸ்டில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. இரு நாடுகளிலும் ராணுவத் தேவைகளுக்கும் சீரமைப்புக்கும் கொடுத்த ஒப்பந்தங்களில் குறைந்தது 3,100 கோடி டாலர், ஒருவேளை 6,000 கோடி டாலர் வரை, வீணாகவும் மோசடியிலும் போனது என்று அது கணக்கிட்டது. ஆனால் பெரியவர் சொன்னது பாதி பதில்தான். திருடப்படாத பணமும், ஒழுங்காகக் கணக்கு எழுதிய பணமும்கூட எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அது ஏன் என்பதே இம்மாதப் பாடம்.

ஒப்பந்தம் எப்படி நடக்கிறது?

அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பாக 1961 முதல் இயங்கியது யுஎஸ்எய்ட். 2025-இல் அது மூடப்பட்டு, எஞ்சிய பணிகள் வெளியுறவுத் துறைக்கு மாற்றப்பட்டன. பெரும்பாலான வேலைகளை அது தன் சொந்த ஆட்களை வைத்துச் செய்யவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எழுதி நிறுவனங்களை அழைத்தது. தேர்வான நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்ததாரர் நிபுணர்களைச் சம்பளத்துக்கு அமர்த்துவார். வேலையில் ஒரு பகுதியைத் துணை ஒப்பந்தமாக வேறு நிறுவனத்துக்குக் கொடுப்பார். அலுவலகம், வாகனம், தங்குமிடம் எல்லாம் செலவில் சேரும். போர் ஓயாத நாடு என்றால் காவலுக்கே பெருந்தொகை போகும்.

நிர்வாகச் செலவு என்றாலே தவறு என்று நினைக்க வேண்டாம். ஜகாத்தைத் திரட்டிப் பங்கிடும் பணியாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பது நாம் அறிந்ததே. வேலை செய்பவருக்குக் கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த வேலைக்காரர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? ஒப்பந்தப்படி, பணம் கொடுத்த அரசுக்கு. பள்ளிக்கூடம் இடிந்து கிடக்கும் ஊர்க்காரருக்கு அல்ல. பாலம் கட்டும் வேலையில் இந்த இடைவெளியை ஓரளவு சமாளிக்கலாம். உள்ளாட்சியை வளர்ப்பதே வேலை என்றால் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. ஏனெனில், தன் மக்களுக்குக் கணக்குச் சொல்வதுதானே உள்ளாட்சி?

இராக்: மன்றம் இருந்தது, அதிகாரம் இல்லை

பாக்தாத் வீழ்ந்தது 2003 ஏப்ரல் 9-ஆம் தேதி. இரண்டே நாளில், ஏப்ரல் 11 அன்று, இராக்கின் உள்ளாட்சியை வலுப்படுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைப் பெற்றது வட கரோலினாவைச் சேர்ந்த ரிசர்ச் டிரையாங்கிள் இன்ஸ்டிடியூட் என்ற லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனம். தொடக்கத் தொகை 79 லட்சம் டாலர். ஓராண்டில் 16 கோடியே 79 லட்சம் டாலர் வரை போகலாம் என்பது ஏற்பாடு. அவசரத்தைக் காரணம் காட்டி, எல்லோருக்கும் திறந்த டெண்டர் விடாமல், போட்டியைச் சுருக்கியே இது கொடுக்கப்பட்டது.

வேலை வேகமாகத்தான் நடந்தது. 2003 ஜூலைக்குள் பாக்தாத்தில் 88 வட்டார மன்றங்கள், அவற்றின் மேல் 9 மாவட்ட மன்றங்கள், உச்சியில் 37 பேர் கொண்ட நகர மன்றம் என்று அமைந்துவிட்டன. ஆனால் இவை பொதுத்தேர்தலில் வந்தவை அல்ல. அமெரிக்க ராணுவமும் ஒப்பந்ததாரரும் நடத்திய கூட்டங்கள் வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பெயரே 'ஆலோசனை மன்றம்' என்பதுதான். அந்த ஜூன் மாதம் நஜஃப் நகரில் மேயர் தேர்தலுக்கு ஏற்பாடு நடந்தபோது, ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவர் பால் பிரெமர் அதை நிறுத்தினார். மாகாண மன்றங்களுக்கு முதல் தேர்தல் நடந்தது 2005 ஜனவரியில்தான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. இராக்கில் பணமும் ஊழியர்களும் நெடுங்காலமாகத் தலைநகரத்து அமைச்சகங்களின் பிடியில் இருந்தார்கள். புதிய மன்றத்துக்குச் சொந்த வரவும் இல்லை, ஊழியரை ஏவும் அதிகாரமும் இல்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அவர் அமைச்சகத்திடமோ ராணுவ அதிகாரியிடமோ போய்க் கேட்டு நிற்க வேண்டும். மக்களிடம் பதில் சொல்லும் சுமை மட்டும் அவருடையது. அந்நியருக்கு உடந்தை என்ற பழியும் சேர்ந்தது. பலர் அதற்காக உயிரையே கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட திட்டத்தின் அறிக்கையில் 'இத்தனை மன்றங்கள் அமைத்தோம், இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம்' என்று எழுதுவது எளிது. அது பொய்யும் அல்ல. ஆனால் மன்றத்தின் சொல் ஊரில் எடுபடுகிறதா என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது. 2006 முதல் இராக் அரசு தன் வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே மாகாணங்களுக்கு வளர்ச்சி நிதி ஒதுக்கத் தொடங்கியது. அதன் பிறகே மாகாண மன்றங்களுக்குத் தீர்மானிக்க ஏதோ ஒன்று கையில் வந்தது.

ஆப்கானிஸ்தான்: பணம் ஊரின் கையில்

அடுத்த எடுத்துக்காட்டு ஆப்கானிஸ்தானின் தேசிய ஒருமைப்பாட்டுத் திட்டம். 2003-இல் தொடங்கிய இதை நடத்தியது அந்நாட்டின் ஊரக மறுவாழ்வு அமைச்சகம். நிதி உலக வங்கி வழியாகவும் பல நாடுகளிடமிருந்தும் வந்தது. இந்தோனேசியாவில் 1998-இல் தொடங்கிய கெசமத்தான் திட்டம் இதற்கு முன்மாதிரி.

இங்கும் ஒப்பந்தம் உண்டு. ஆனால் ஒப்பந்தம் போட்டவர் ஆப்கான் அரசு. தொண்டு நிறுவனங்களின் வேலை ஊரைக் கூட்டுவது, தேர்தல் நடத்த உதவுவது, கணக்கு எழுதக் கற்றுத் தருவது. ஒவ்வொரு கிராமமும் ரகசிய வாக்கெடுப்பில் ஒரு ஷூராவைத் தேர்ந்தெடுத்தது. பெண்களுக்கும் அதில் இடம். குடும்பத்துக்கு சுமார் 200 டாலர் வீதம், கிராமத்துக்கு அதிகபட்சம் 60,000 டாலர் வரை ஷூராவின் வங்கிக் கணக்குக்கு வந்தது. கிணறா, மின்சாரமா, வாய்க்காலா என்று ஊரே முடிவு செய்யும். செலவில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை ஊரார் உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும். கணக்கை எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதிவைக்க வேண்டும். இப்படி 30,000-க்கும் மேற்பட்ட கிராமங்களில் ஷூராக்கள் உருவாயின.

அங்கேயும் முழு வெற்றி இல்லை

ஒன்றைக் குறை சொல்லி மற்றதைப் புகழ்ந்து முடித்தால் பாடம் முழுமை பெறாது. ஆய்வாளர்கள் மூவர் 500 ஆப்கான் கிராமங்களை எடுத்து, பாதிக்குத் திட்டத்தை முதலில் கொடுத்து, மீதியோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குடிநீரும் மின்சாரமும் மேம்பட்டன. பெண்கள் ஊர் விஷயங்களில் பங்கெடுப்பதை ஏற்கும் மனம் வளர்ந்தது. ஆனால் அரசின் மீது ஏற்பட்ட நல்லெண்ணம் திட்டப்பணம் தீர்ந்த பிறகு தேய்ந்தது. பழைய ஊர்ப் பெரியவர்களின் செல்வாக்கும் பெரிதாக மாறவில்லை.

அவர்கள் கண்ட இன்னொன்று நம் ஜமாஅத்துகளில் பொறுப்பில் இருப்போர் கவனிக்க வேண்டியது. அதே கிராமங்களில் பிறகு கோதுமை உதவி வழங்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஷூராதான் பொறுப்பு என்று தெளிவாகச் சொன்ன இடங்களில், உதவி உரியவரை நன்றாகச் சென்றடைந்தது. ஷூராவும் இருந்து, பழைய தலைவர்களும் இருந்து, பொறுப்பு யாருடையது என்று சொல்லாமல் விட்ட இடங்களில், ஷூராவே இல்லாத ஊர்களைவிட முறைகேடு கூடியது. இருவர் கையில் இருக்கும் அமானத்துக்கு ஒருவரும் பொறுப்பில்லை என்ற நிலை அது.

நமக்கு என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் நம் அறக்கட்டளை ஒரு சிற்றூரில் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக் கொடுத்தது. ஒப்பந்ததாரரிடம் வேலையை ஒப்படைத்தோம். போட்டோ வந்தது, பில் வந்தது, நன்கொடையாளருக்கு அனுப்பினோம். ஆறு மாதத்தில் மோட்டார் எரிந்தது. அதைச் சரிசெய்ய அந்த ஊரில் யாரும் முன்வரவில்லை. "உங்க மோட்டார் ஓடலையே" என்று எனக்கு போன் செய்தார்கள். 'உங்க மோட்டார்' என்ற சொல் என்னைச் சுட்டது. இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது அவர்களைக் கேட்கவில்லை, கணக்கைக் காட்டவில்லை, வீட்டுக்குப் பத்து ரூபாய்கூட வாங்கவில்லை. தவறு எங்களுடையது, அதிலும் முதலில் என்னுடையது. மறுமுறை ஊரைக் கூட்டினோம். இப்போது மாதச் சந்தா வசூலித்து, கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டி, அவர்களே பராமரிக்கிறார்கள்.

இராக்கில் நடந்ததோடு ஒரு மோட்டாரை ஒப்பிடுவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். அங்கே உயிர்கள் போயின. இங்கே தண்ணீர் சில வாரம் நின்றது. ஆனாலும் குறை ஒன்றுதான். பணம் கொடுத்தவருக்கு ரசீது போனது. பயன் பெற வேண்டியவருக்குப் பதில் போகவில்லை.

குடும்பத்தோடு பேசிப்பாருங்கள்:

1. நம் தெருவுக்கு ஒரு தொகை வந்தால், எதற்குச் செலவிடுவது என்று யார் முடிவு செய்ய வேண்டும்? அந்தப் பேச்சில் பெண்களின் கருத்து எப்படிச் சேரும்?

2. நம் மஹல்லாவில் ஒரே பொறுப்பு இருவர் கையில் தெளிவில்லாமல் இருக்கிறதா?

3. நம் அறக்கட்டளையின் கணக்கில் உங்களுக்குப் புரியாத வரி எது?

மூன்றாவது கேள்விக்கான பதிலைக் கூச்சப்படாமல் அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள். கணக்குப் புத்தகம் மேசையிலேயே இருக்கும். வஸ்ஸலாம்.

— செயலாளர்